பயணத்தில் போனை லேப்டாப்புக்கு மோடமாக்குவது: எதை முதலில், எதை அப்புறம்

திருப்பூர் ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் போன் அடிக்கும். "ஏனுங்கண்ணா, ஹாட்ஸ்பாட் போட்டேன், லேப்டாப்பும் புடிச்சுருச்சுங்க. மெயில் மட்டும் போக மாட்டேங்குதுங்க." புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் அனுப்பியே ஆக வேண்டிய அவசரத்தில், முதல் முறையாகப் போனை மோடமாக, அதாவது தன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் கருவியாக, வைத்துப் பார்க்கிறார்கள்.

பனியன் ஏற்றுமதியில் டாக்குமென்ட் வேலை எனக்கு. ஈரோடு, கோவை, தூத்துக்குடி என்று ஓடிக்கொண்டே பார்க்க வேண்டிய வேலை. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் கஷ்டமான படி என்று எதுவும் கிடையாது. வரிசை மாறினால்தான் சிக்கல். ஹாட்ஸ்பாட்டை முதலில் போட்டுக்கொள்வோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால், அந்த அப்புறம் வருவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும்.

எங்கள் ஆட்கள் கையில் பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப், ஆண்ட்ராய்டு போன். அதை வைத்தே சொல்கிறேன். ஐபோனும் மேக்கும் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. முந்தின நாள் ராத்திரி கையில் இருக்க வேண்டியவை

முதலில் கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் ஒரு வகை, டேட்டாவும் கடத்தும் கேபிள் இன்னொரு வகை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பவர் பேங்க்கோடும் புளூடூத் ஹெட்செட்டோடும் சும்மா வரும் குட்டிக் கேபிள்களில் பல முதல் வகை. சோதிப்பது சுலபம். போனை லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். போனின் மேல்பட்டையில் ஃபைல் மாற்றம் பற்றிய அறிவிப்பு வந்தால் அது டேட்டா கேபிள். பேட்டரி குறி மட்டும் மின்னினால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேறிய கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது; பையில் நாலு கேபிள் இருக்கும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கேபிளின் நீளம் ஒரு மீட்டராவது இருக்கட்டும். போன் ஜன்னலோரம், லேப்டாப் மடியில் என்று வைக்க வேண்டி வரும். ஏன் என்பது ஏழாவது படியில் வருகிறது.

அப்புறம் பவர் பேங்க். ரயிலில் இரவு 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயிண்ட்டுகளை அணைத்துவிடுவதுண்டு. பஸ்ஸில் பாயிண்ட் இருந்தாலும் அது வேலை செய்யும் என்று நம்பி ஏறாதீர்கள்.

மூன்றாவது, ரீசார்ஜ். உங்கள் பேக்கில் ஒரு நாளுக்கு எத்தனை ஜிபி, எப்போது முடிகிறது என்று பார்த்துவிடுங்கள். தினசரி அளவு தீர்ந்தால் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதாவது வினாடிக்கு 8 கேபி. 5 எம்பி பிடிஎஃப் ஒன்று போய்ச் சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் அறுபடாமல் இருந்தால். நாள்கணக்கு நள்ளிரவில்தான் புதுப்பிக்கும். ஆகவே டேட்டா மட்டும் தரும் கூடுதல் பேக் ஒன்றை முன்கூட்டியே போட்டு வைப்பது உத்தமம். டேட்டா தீர்ந்த பிறகு ஓடும் வண்டியில் ரீசார்ஜ் பக்கத்தைத் திறந்து பணம் கட்டுவது பெரும் பாடு.

முடிந்தால் இரண்டாவது சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். ஒரே கம்பெனியில் இரண்டு சிம் வைத்திருந்தால், ஒன்றுக்கு டவர் இல்லாத இடத்தில் மற்றதற்கும் இருக்காது.

2. லேப்டாப்பின் பசியை வீட்டிலேயே அடக்குங்கள்

எல்லாரும் தாண்டிப்போகிற படி இது. பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

வீட்டிலும் ஆபீஸிலும் லேப்டாப் வைஃபையில் இருக்கிறது. அங்கே அளவு பற்றிய கவலை இல்லாததால், அது தன் பாட்டுக்குப் பின்னால் நூறு வேலை செய்யும். விண்டோஸ் அப்டேட் இறங்கும், போட்டோக்கள் கிளவுடுக்கு ஏறும், ஆன்டிவைரஸ் புதுப்பிக்கும், வாட்ஸ்அப் வீடியோக்களை இறக்கும். உங்கள் ஹாட்ஸ்பாட்டும் லேப்டாப்பின் கண்ணுக்கு இன்னொரு வைஃபைதான். வீட்டில் செய்ததை அதிலும் செய்யும்.

ஒரு முறை கோவையிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முந்தின நாள் எடுத்த சாம்பிள் துணிகளின் போட்டோ 300-க்கு மேல் லேப்டாப்பில் கிடந்தன. ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துவிட்டு எக்செல்லில் மூழ்கிவிட்டேன். ஈரோடு வருவதற்குள் 2 ஜிபியும் தீர்ந்தது என்று மெசேஜ் வந்தது. போட்டோ ஃபோல்டர் முழுவதும் கிளவுடுக்கு ஏறியிருந்தது. சேலத்துக்குள் அனுப்ப வேண்டிய பேக்கிங் லிஸ்ட் காட்பாடி தாண்டித்தான் போனது. அன்றைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவரின் வேலை என்னால் நின்றது. அதிலிருந்து இந்தப் படியை நான் விட்டதே இல்லை.

கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டை முழுக்க இறக்கி, ரீஸ்டார்ட்டும் செய்துவிடுங்கள். மாத அப்டேட் ஒன்று பல நூறு எம்பி இருக்கும், சில மாதம் ஒரு ஜிபியைத் தாண்டும். முடித்த பிறகு, செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதை ஒரு வாரத்துக்கு வையுங்கள். முதலில் இறக்கிவிட்டு அப்புறம் நிறுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பாதியில் நிற்கும் அப்டேட், பஸ்ஸில் நீங்கள் லேப்டாப்பைத் திறக்கும்போது ரீஸ்டார்ட் கேட்டு நிற்கும்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி எது இருந்தாலும், கீழ்மூலையில் இருக்கும் அதன் குறியைத் தொட்டு 'பாஸ்' செய்யுங்கள். ஒன்டிரைவில் 2, 8, 24 மணி நேரம் என்று தேர்வு வரும். 24 வையுங்கள். பாஸ் செய்யும் முன்பே, வேண்டிய ஃபைல்களை மட்டும் 'இந்தக் கம்ப்யூட்டரிலேயே எப்போதும் வை' என்ற தேர்வில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஃபைலின் பெயர் மட்டும் கண்ணுக்குத் தெரியும், திறக்கப் போனால் அப்போதுதான் இணையத்திலிருந்து இறங்கும்.

லேப்டாப் வாட்ஸ்அப்பில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். சொந்தக்காரர்கள் குரூப் நாலைந்தில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். கல்யாண சீசனில் ஒரு குரூப்பே போதும், பேக்கைக் காலி செய்ய.

மேக் வைத்திருப்பவர்கள் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு 'லோ டேட்டா மோட்' என்பதைப் போட்டுவிட்டு, ஐகிளவுட் போட்டோஸையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

3. கேபிளா, வைஃபையா, புளூடூத்தா

மூன்று வழியிலும் போனின் நெட் லேப்டாப்புக்குப் போகும். உட்கார்ந்து வேலை பார்க்க இடம் கிடைத்தால் கேபிள். நிலையாக இருக்கும், போனின் வைஃபை ரேடியோவுக்கு வேலை இல்லாததால் சூடு குறையும், போனுக்குச் சார்ஜும் ஏறும். இரண்டு பேர் ஒரே போனில் வேலை பார்க்க வேண்டும், அல்லது போனைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் வைஃபை. புளூடூத் மிக மெதுவானது. எழுத்து மட்டும் உள்ள மெயில் போகும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். போனில் சார்ஜ் அடிமட்டத்துக்குப் போன நேரத்துக்கு மட்டும் அதை நினைவில் வைத்தால் போதும்.

புதியவர்கள் எடுத்த எடுப்பிலேயே வைஃபைக்குப் போகிறார்கள். நான் கேபிளைத்தான் முதலில் பழகச் சொல்வேன்.

4. கேபிள் வழியில் சேர்ப்பது

முதலில் போனில் மொபைல் டேட்டா ஓடுகிறதா என்று பாருங்கள். போனின் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். வைஃபை ஆனில் இருந்தால், ஸ்டேஷனில் இருக்கும் ஏதோ ஒரு இலவச வைஃபையில் போன் ஒட்டிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டா ஓடுவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து கேபிளைச் செருகுங்கள். செருகிய பிறகுதான் போனில் 'யூஎஸ்பி டெதரிங்' (கேபிள் வழியே நெட்டைப் பகிர்வது) பொத்தான் உயிர் பெறும். அதற்கு முன் மங்கலாகவே இருக்கும். "பொத்தான அமுக்கவே முடியலீங்கண்ணா" என்று வரும் புகாருக்கு இதுதான் காரணம். செருகியும் மங்கலாகவே இருந்தால் கேபிள் சார்ஜ் கேபிள்.

அந்தப் பொத்தான் பெரும்பாலான போன்களில் செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' என்ற வழியில் இருக்கும். சாம்சங்கில் 'கனெக்‌ஷன்ஸ்' உள்ளே பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் தேடு பெட்டியில் ஹாட்ஸ்பாட் என்று போட்டால் வந்துவிடும்.

பொத்தானைப் போட்டதும் லேப்டாப்பில் சில வினாடிகளில் ஈதர்நெட் போலப் புது நெட்வொர்க் ஒன்று தோன்றும். ஒன்றும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. கேபிளைப் பிடுங்கினால் டெதரிங் தானாக அணையும், மறுபடி செருகினால் மறுபடி போட வேண்டும். பஸ் குலுங்கிக் கேபிள் ஒரு நொடி நழுவினாலும் இதே கதைதான்.

ஐபோனை விண்டோஸ் லேப்டாப்பில் கேபிளால் சேர்க்க, ஐடியூன்ஸ் அல்லது 'ஆப்பிள் டிவைசஸ்' ஆப் லேப்டாப்பில் இருக்க வேண்டும். அதில் டிரைவர் இருக்கிறது. வீட்டிலேயே இறக்கி, ஒரு முறை செருகி, போனில் வரும் 'டிரஸ்ட்' என்பதைத் தொட்டு முடித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனும் மேக்கும் என்றால் கேபிளோடு மல்லுக்கட்டாமல் நேராக வைஃபைக்குப் போய்விடுங்கள்.

5. வைஃபை ஹாட்ஸ்பாட்டில் சேர்ப்பது

போடுவதற்கு முன் நான்கு இடங்களைச் சரிபாருங்கள்.

பெயர். போன் தானாக வைத்திருக்கும் பெயரை மாற்றுங்கள். சொந்தப் பெயரோ நம்பரோ அதில் வேண்டாம். பெட்டியில் இருக்கும் அத்தனை பேரின் போனிலும் அது தெரியும்.

பாஸ்வேர்ட். எட்டு எழுத்துக்குக் குறைந்தால் போன் ஏற்காது. பன்னிரண்டுக்கு மேல் வையுங்கள். பிறந்த தேதியும் போன் நம்பரும் வேண்டாம்.

பேண்ட், அதாவது ஹாட்ஸ்பாட் ஓடும் அலைவரிசை. இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். புதுப் போன்களில் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கலாம். பழைய லேப்டாப் சிலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அப்போது பக்கத்தில் இருப்பவர் போனில் உங்கள் ஹாட்ஸ்பாட் தெரியும், உங்கள் லேப்டாப்பில் தெரியவே தெரியாது. பேண்ட்டை 2.4-க்கு மாற்றினால் வந்துவிடும். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்பதைப் போட வேண்டும், வேலை அதேதான். லேப்டாப்பால் 5-ஐப் பிடிக்க முடிந்தால் 5-லேயே வையுங்கள். நிறைந்த பெட்டியில் 2.4-ல் ஏகப்பட்ட போனும் ஹெட்செட்டும் ஒட்டுக்காகக் கத்திக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு வகை. டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்து, பாஸ்வேர்ட் சரியாகப் போட்டும் லேப்டாப் சேர மறுத்தால், டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ஹாட்ஸ்பாட்டே ஆன் ஆகவில்லை என்றால் போனில் 'டேட்டா சேவர்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது இருக்கும்வரை ஹாட்ஸ்பாட் ஓடாது. சிக்கனமாக இருக்க நினைத்து அதைப் போட்டு வைத்தவர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள்.

'தானாக அணையும்' தேர்வும் ஒன்று உண்டு. லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடித்து வருவதற்குள் ஹாட்ஸ்பாட் அணைந்திருப்பது அதனால்தான். பேட்டரிக்கு நல்லது என்பதால் நான் அதை அப்படியே விட்டுவிடுவேன். நடு நடுவே லேப்டாப்பை மூடித் திறப்பவர்கள் வேண்டுமானால் அணைத்துக்கொள்ளலாம். ஐபோனில் லேப்டாப் சேர்கிற வரைக்கும் 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' திரையை விட்டு வெளியே வராதீர்கள். வந்தால் சில சமயம் லேப்டாப்பின் பட்டியலில் பெயரே காட்டாது.

6. வீட்டிலேயே ஒரு ஒத்திகை, அதிலேயே 'மீட்டர்ட்'

இதுவரை சொன்னதை வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததும், செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', வைஃபை, அந்த ஹாட்ஸ்பாட்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்று போய் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். இது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய நெட் என்று விண்டோஸுக்குச் சொல்கிற இடம் அது. பெரும்பாலான அப்டேட்டுகள் நிற்கும், ஒன்டிரைவும் நிற்கும். எல்லா ஆப்பும் இதை மதிக்காது. இரண்டாவது படியில் கையால் நிறுத்தச் சொன்னது அதற்காகத்தான். அதே பக்கத்தில் நெட்வொர்க் வகையை 'பப்ளிக்' என்று வையுங்கள்.

வைஃபையில் இதை ஒரு முறை செய்தால் அந்தப் பெயருக்கு நினைவில் இருக்கும். கேபிளில் கவனம் தேவை. பல போன்கள் ஒவ்வொரு முறை செருகும்போதும் புது ஆளாகத் தெரியும். 'நெட்வொர்க் 2', 'நெட்வொர்க் 3' என்று பெயர் ஏறிக்கொண்டே போனால் அதுதான் விஷயம். அப்போது மீட்டர்ட் பழையபடி அணைந்திருக்கும். கேபிள் போட்டால் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒத்திகையில் இன்னொன்றும் தெரிந்துவிடும். ஆபீஸ் விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) போனில் போட்டிருந்தாலும், ஆண்ட்ராய்டில் லேப்டாப்பின் போக்குவரத்து பொதுவாக அதன் வழியே போகாது. லேப்டாப்பில் தனியாக விபிஎன் போட வேண்டும். அது சேர்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஓடும் வண்டியில்

போன் ஜன்னலோரம், லேப்டாப் உங்களிடம். ரயில் பெட்டி இரும்புக் கூடு, ஏசி பெட்டியின் கண்ணாடியும் சிக்னலைக் கொஞ்சம் உறிஞ்சும். போனுக்கும் டவருக்கும் இடையில் உள்ள தூரம் கிலோமீட்டர் கணக்கு. போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையில் ஒரு மீட்டர். ஆகவே போனுக்கு நல்ல இடத்தைக் கொடுங்கள், லேப்டாப் எங்கிருந்தாலும் பிடித்துக்கொள்ளும். போனைப் பைக்குள்ளோ தலையணைக்கு அடியிலோ வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் 'சிம் ஸ்டேட்டஸ்' திறந்தால் சிக்னல் ஓர் எண்ணாக இருக்கும். 4ஜியில் −90-க்கு மேலே, அதாவது −80, −85 என்று இருந்தால் நன்றாக இருக்கிறது. −105 என்றால் மெயில் போகும், வீடியோ கால் தடுமாறும். −115-க்குக் கீழே என்றால் வேலையை நிறுத்தி வையுங்கள். எண் நன்றாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் டவரில் கூட்டம். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) அன்றைக்கு அந்தப் பக்கம் போனால் கோடு முழுதாக நிற்கும், ஒரு மெயில் நகராது. அத்தனை பேரும் அதே டவரில் இருக்கிறார்கள். அங்கே போனைத் திருப்பித் திருப்பி வைப்பதில் பலன் இல்லை. கூட்டத்தை விட்டு நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய் அனுப்புங்கள்.

கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை வழியாகச் சேலம் போகும் சாலையில் பெரிய சிக்கல் வராது. சமவெளி, டவர் அடுத்தடுத்து உண்டு. அந்தப் பாதையில் என் அனுபவத்தில் தொல்லை தருவது 5ஜியும் 4ஜியும் மாறி மாறி வருவதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு தயக்கம் வரும், வீடியோ கால் உறையும். முக்கியமான வேலை இருந்தால் 'ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்' என்ற இடத்தில் 4ஜி என்று வைத்துவிடுங்கள். வேகம் குறைந்தாலும் நிலையாக இருக்கும். மெயிலுக்கும் எக்செல்லுக்கும் நிலைதான் வேண்டும்.

மலைப்பாதை வேறு. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. வளைவுக்கு வளைவு மலையின் தோள் டவரை மறைக்கும். இந்த வளைவில் இருந்த சிக்னல் அடுத்த வளைவில் போய்விடும், மறுபடி வரும். சிக்னல் மெலியும்போது டவரைத் தேடிப் போன் தன் முழு சக்தியையும் செலவழிக்கிறது. பேட்டரி இறங்குகிறது, சூடு ஏறுகிறது. ஆகவே அடிவாரத்திலேயே அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். மலையேறும் நேரத்தை நெட் இல்லாமல் செய்யும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் டீக்கடையில் "இங்க எந்த டவருங்க நல்லா எடுக்குது?" என்று கேளுங்கள். அந்த ஊர்க்காரர் சொல்லும் பதில் எந்த வரைபடத்தையும் விடச் சரியாக இருக்கும். இரண்டாவது சிம்முக்கு மாற்ற வேண்டுமா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எல்லை தாண்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வாளையார் தாண்டிப் பாலக்காடு போனாலும், திம்பம் ஏறித் தாளவாடிப் பக்கம் போனாலும், போன் பக்கத்து மாநில டவரைப் பிடிக்கலாம். 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் சில போன்களில் அந்த இடத்தில் நெட் நின்றுவிடும். பேசலாம், நெட் மட்டும் இருக்காது. கிளம்பும் முன்பே அதை ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிம் போனில் இன்னொரு பொறி. டேட்டா ஒரு சிம்மில், கால் இன்னொன்றில் வந்தால், பேசி முடிக்கும்வரை பல போன்களில் டேட்டா நிற்கும். அப்லோட் பாதியில் அறும். பெரிய ஃபைல் போகும் நேரத்தில் டேட்டா இல்லாத சிம்மைத் தற்காலிகமாக அணைத்து வைக்கலாம். ஓடிபி அந்த நம்பருக்கு வரும் என்றால் அணைக்காதீர்கள்.

வேலையின் வரிசையும் இடத்தைப் பொறுத்தது. மெயிலை நெட் இல்லாத நேரத்தில் எழுதி அவுட்பாக்ஸில் வையுங்கள். பெரிய ஃபைலை வண்டி நிற்கும் ஜங்ஷனில் அனுப்புங்கள். வங்கித் தளம், ஜிஎஸ்டி தளம் போன்றவற்றை ஓடும்போது திறக்காமல் இருப்பது நல்லது. இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது, நெட்டில் உங்களை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி மாறலாம், தளம் உங்களை வெளியே தள்ளிவிடும். மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'சேவ்' கொடுத்துக்கொண்டே போங்கள்.

வீடியோ காலுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபி வரை போகலாம். கேமராவை அணைத்துக் குரலை மட்டும் வைத்தால் அதில் சிறு பங்குதான். ஓடும் வண்டியிலிருந்து பேசும்போது முகம் காட்ட வேண்டியதில்லை என்று எதிரில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

8. சேர்ந்திருக்கிறது, நெட் வரவில்லை

பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் இங்கே பெரிய தவறு. அப்படி மாற்றினால் எது சரியானது, எது கெட்டது என்று கடைசி வரை தெரியாது. டவரிலிருந்து லேப்டாப் நோக்கி, ஒவ்வொன்றாக வாருங்கள்.

போனிலேயே ஒரு பக்கத்தைத் திறங்கள். திறக்கவில்லை என்றால் லேப்டாப்பைத் தொடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. ஃப்ளைட் மோடைப் போட்டுப் பத்து வினாடி கழித்து எடுங்கள். போன் பழைய டவரை விட்டுப் புதிதாகத் தேடிச் சேரும். ஓடும் வண்டியில் பாதிக் கோளாறு இதிலேயே தீரும். தீரவில்லை என்றால் நாளின் டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

போனில் திறக்கிறது, லேப்டாப்பில் இல்லை. இப்போது லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், போன் முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டு, லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்து மறுபடி சேருங்கள். சேர்ந்ததும் மீட்டர்ட் தேர்வை மறுபடி போட வேண்டியிருக்கும், மறக்காதீர்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இன்னொன்று. ஆபீஸ் நெட்வொர்க்குக்காக யாரோ ஒரு நிலையான ஐபி முகவரியைக் கையால் போட்டு வைத்திருப்பார்கள். ஆபீஸுக்குள் எல்லாம் நன்றாக ஓடும், வெளியே வந்தால் எந்த ஹாட்ஸ்பாட்டிலும் ஓடாது. ஒரு முறை புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று, அவிநாசி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மணி நேரம் அலைந்திருந்தது. போனில் கேட்டபோது ஐபி முகவரியைப் படிக்கச் சொன்னேன். அப்படியே ஆபீஸ் முகவரி. வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'ஐபி அசைன்மென்ட்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றியதும் அந்த நிமிடமே மெயில் போனது. டிஎன்எஸ், ப்ராக்ஸி இரண்டையும் அதே கண்ணோடு பாருங்கள். மாற்றும் முன் பழைய எண்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் திரும்பியதும் வேண்டும்.

முகவரி சரியாக இருக்கிறது, போனில் நெட் இருக்கிறது, எந்த லேப்டாப்பைச் சேர்த்தாலும் நெட் போகவில்லை என்றால் போன் எந்த வாசல் வழியாக நெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏபிஎன் அமைப்பைப் பாருங்கள். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயிண்ட் நேம்ஸ்' உள்ளே இருக்கும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதில் 'ஏபிஎன் டைப்' என்ற வரியில் டிஃபால்ட் என்று மட்டும் இருந்தால், கமா போட்டு 'டியூஎன்' (dun) என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் சேர்த்து சேவ் செய்யுங்கள். வேறு சாதனத்துக்கு நெட்டைக் கடத்தும் அனுமதி அந்த வரியில் இருக்கிறது. சில போன்களில் இருக்கும் ஏபிஎன்னைத் திருத்த விடாது. அதே விவரத்தோடு புதிதாக ஒன்றை உருவாக்கித் தேர்வு செய்ய வேண்டும்.

9. சூடும் சார்ஜும்

கேபிளில் இருக்கும்போது லேப்டாப் போனுக்குச் சார்ஜ் கொடுக்கும். ஆனால் பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் அது 500 மில்லி ஆம்பியர்தான், யூஎஸ்பி 3-ல் 900. சிக்னல் மெலிந்த இடத்தில் போனின் செலவு அதைத் தாண்டும். சார்ஜ் குறி மின்னிக்கொண்டே பேட்டரி சதவீதம் இறங்கினால் போன் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். கொடுப்பதும் லேப்டாப் பேட்டரியிலிருந்துதான் என்பதால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். நீண்ட பயணத்தில் வைஃபை ஹாட்ஸ்பாட்டும் பவர் பேங்க்கும் என்று மாறிக்கொள்ளலாம்.

சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் போனை வைக்காதீர்கள். ஜன்னலோரம் வைக்கச் சொன்னது நிழல் இருக்கும் பக்கத்து ஜன்னல். சூடு ஏறினால் போன் தானாக வேகத்தைக் குறைக்கும், அப்புறம் சார்ஜை நிறுத்தும், கடைசியில் ஹாட்ஸ்பாட்டே அணையும். உறையைக் கழற்றிவிடுங்கள். தொட்டால் கை பொறுக்காத அளவுக்குப் போனால் பத்து நிமிடம் எல்லாவற்றையும் அணைத்து ஆறவிடுங்கள். ஈரத்துணி, ஐஸ் எல்லாம் வேண்டாம்.

10. வேலை முடிந்ததும்

லேப்டாப்பை மூடும் முன் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள். லேப்டாப்பை முதலில் மூடினால் போனை மறந்துவிடுவோம், இறங்கும்போது பேட்டரி சிவப்பில் நிற்கும்.

லேப்டாப்பின் செட்டிங்ஸில் 'டேட்டா யூசேஜ்' பக்கத்தைத் திறந்து எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பாருங்கள். முதல் பயணத்தில் நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு பெயர் அதில் மேலே இருக்கும். அடுத்த முறை இரண்டாவது படியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் தாண்டி சிக்னல் போனது, எங்கே திரும்ப வந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து லேப்டாப் பையில் போட்டு வையுங்கள். எங்கள் ஆபீஸில் அப்படி ஒரு பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வால்பாறைக்குப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டு, ஆழியாறிலேயே மெயிலை அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.

வீட்டுக்கு வந்து வைஃபையில் சேர்ந்ததும் நிறுத்தி வைத்த கிளவுடையும் அப்டேட்டையும் மறுபடி ஓடவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டின் மீட்டர்ட் தேர்வை மட்டும் தொடாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.